ஆத்தங்குடிக் கல் படங்கள் போனில் திறக்கவே மாட்டேன் என்கின்றன, என்ன செய்யலாம்?

கல்லுப்பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தாத்தா காலத்திலிருந்து தரையில் பதிக்கிற கல், அதாவது டைல்ஸ், ஊற்றுகிற வீடு எங்களுடையது. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறக்கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிற அதே பழைய முறைதான் இன்றைக்கும். போன வருடம் சொந்தக்காரப் பையன் ஒருவன் எங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். படமெல்லாம் நானே என் போனில் எடுத்து ஏற்றினேன்.

பட்டறையில் ஃபைபர் கனெக்‌ஷன் இருக்கிறது, அதில் பார்த்தால் பளிச்சென்று திறக்கிறது. போன வாரம் கோயம்புத்தூரில் வீடு கட்டுகிற ஒரு இன்ஜினியர் சைட்டில் நின்றுகொண்டே எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். "முதல் கல்லே பாதிதான் வந்திருக்கு, கீழே எல்லாம் வெள்ளையா கிடக்கு, நீங்க வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க" என்றார். அனுப்பினேன். அப்புறம் அவரிடமிருந்து பதில் இல்லை. கல்லைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை, பார்க்காமலே போனதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. படத்தை எப்படிச் சின்னதாக்குவது, அதில் என் கல்லின் நிறம் கெடாமல் இருக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வெப்:

அண்ணே, முதலில் எவ்வளவு பாரம் என்று பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் க்ரோமில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள், டிஸேபிள் கேஷ் என்பதை டிக் செய்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். டிக் செய்ய மறந்தால் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்தையே எடுத்துக் காட்டிவிடும், புதிதாக வருகிறவர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. கடைசிப் படம் வரை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, அடியில் மொத்தம் எத்தனை எம்பி என்று காட்டுவதை இங்கே போடுங்கள். அதே இடத்தில் வேகத்தைக் குறைத்து ஸ்லோ 4ஜி என்று வைத்தும் ஒரு தரம் பாருங்கள்.

கல்லுப்பட்டறை:

பார்த்தேன் தம்பி. 18 படங்கள், மொத்தம் 71 எம்பி. ஸ்லோ 4ஜி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டு வந்தேன், அப்போதும் முடியவில்லை. ஒவ்வொரு படமும் 4000க்கு 3000 என்று காட்டுகிறது.

தேவகோட்டை வெப்:

அதுதான் விஷயம். நொடிக்கு ஒரு எம்பி இறங்குகிற சுமாரான சிக்னலில்கூட 71 எம்பி இறங்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த இன்ஜினியர் பாதிக் கல்லையாவது பார்த்தாரே, அவர் பொறுமைசாலி.

படத்தைக் குறைப்பது என்றதும் எல்லோரும் நேராக ஃபார்மெட்டுக்கு, அதாவது படக்கோப்பின் வகைக்குப் போகிறார்கள், வெப்பி ஆக்கு, ஏவிஐஎஃப் ஆக்கு என்று. என் அனுபவத்தில் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, அந்தப் படம் திரையில் எவ்வளவு அகலத்துக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போடுவது. பல ஆண்ட்ராய்டு போன்களின் அகலம் பிரவுசர் கணக்கில் 360 பிக்சல். திரை அடர்த்தி மூன்று மடங்கு என்றால் உண்மையில் 1080 புள்ளிகள். ஆக, திரை முழுக்க அடைக்கிற படத்துக்கே 1080 போதும். நீங்கள் அனுப்புவது 4000. 4000க்கு 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், 1080க்கு 810 என்றால் 9 லட்சத்துக்கும் குறைவு. தேவையைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் போகிறது, அதையும் வாடிக்கையாளரின் டேட்டாவில் அனுப்புகிறீர்கள்.

உங்கள் பக்கத்தில் போனில் ஒரு வரிசைக்கு இரண்டு கல் தெரிகிறது. அப்படியானால் ஒரு கல்லுக்கு 180, அதை மூன்றால் பெருக்கினால் 540. அவ்வளவுதான் வேண்டும்!

அதற்காக எல்லாவற்றையும் 540 ஆக்கிவிட்டால் பெரிய மானிட்டரில் பார்க்கும் ஆர்க்கிடெக்டுக்குக் கல் மங்கலாகத் தெரியும். எனவே ஒரே படத்தை 540, 800, 1200, 1600 என்று நான்கு அகலத்தில் செய்து வைத்துக்கொண்டு, பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் படத்தைக் குறிக்கிற இமேஜ் டேகில் எஸ்ஆர்சிசெட் என்ற இடத்தில் நான்கையும் எழுதிவிடுங்கள். எந்தத் திரைக்கு எது என்று பிரவுசரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கூடவே சைஸஸ் என்று ஒன்று எழுத வேண்டும், போனில் இந்தப் படம் திரையில் பாதி அகலம், கம்ப்யூட்டரில் கால் அகலம் என்று சொல்வதற்கு. பாதிப்பேர் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதாவிட்டால் படம் திரை முழுக்க வரும் என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு பெரியதை எடுத்துவிடும், நான்கு அளவு செய்த உழைப்பு வீண்.

பள்ளத்தூர் கேமரா:

தம்பி, எனக்கு இதில் ஒப்புதல் இல்லை, சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்தை, விடிகாலை வெளிச்சத்துக்காக மூன்று நாள் காத்திருந்து எடுத்தேன். பர்மாத் தேக்குத் தூணில் இருக்கிற ரேகை, சுவரின் முட்டைப் பூச்சில் விழுகிற வெளிச்சம், எல்லாம் தெரிய வேண்டும் என்றுதான் 6000க்கு 4000 எடுக்கிறோம். அதைக் கொண்டுபோய் 1080 ஆக்கி, அதற்கு மேல் கம்ப்ரஸ் வேறு செய்து போடுகிறார்கள். தூணெல்லாம் மெழுகு பூசியது மாதிரி வழவழவென்று ஆகிவிடுகிறது. கீழே படம் எடுத்தவன் என்று என் பெயர் இருக்கிறது. பார்க்கிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

தேவகோட்டை வெப்:

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த வழவழப்பு அகலத்தைக் குறைத்ததால் வருவதில்லை. சுருக்கும்போது வைக்கிற குவாலிட்டி எண்ணை 40, 50 என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்கியதால் வருவது. மரத்தின் ரேகை, சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு மாதிரி நுணுக்கங்களைத்தான் கம்ப்ரஷன் முதலில் தின்னும்.

மூலப்படத்தை யாரும் தொடப்போவதில்லை. அது உங்கள் இரும்புப் பெட்டியில் 6000க்கு 4000 ஆகவே பத்திரமாக இருக்கட்டும். வெப்சைட்டுக்குப் போவது அதன் பிரதி. தூணைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் படத்தைத் தொட்டால் அப்போது 2400 அகலப் பிரதி இறங்குகிற மாதிரி வைக்கலாம். கேட்காதவர் மேல் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபைல் 4 எம்பிதானே என்று நினைக்கிறோம். பிரவுசர் அதைத் திரையில் காட்டுவதற்கு முன்னால் விரித்தாக வேண்டும், ஒரு புள்ளிக்கு 4 பைட். உங்கள் 6000க்கு 4000 படம் விரிந்தால் போனின் நினைவகத்தில் 96 எம்பி. அப்படி ஆறு படம் ஒரே பக்கத்தில் இருந்தால் விலை குறைந்த போன் திணறி, பக்கத்தையே மூடிவிட்டு மறுபடி ஏற்றும். ஃபைபர் லைன் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அகலத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளத்தூர் கேமரா:

96 எம்பி கணக்கு எனக்குப் புதிது. சரி, அகலத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். குவாலிட்டியை மட்டும் படம் படமாகக் கண்ணால் பார்த்து வையுங்கள். மொத்தமாக ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டால் நான் மறுபடி வந்து சண்டை போடுவேன்.

கண்டாங்கிக் கடை:

நான் காரைக்குடியில் கண்டாங்கி சேலை விற்கிறேன். எனக்கு வேகத்தைவிட நிறம்தான் பெரிய தலைவலி. அரக்குக் கட்டம் போட்ட சேலை ஒன்றைப் படத்தில் பார்த்து வாங்கிய ஒரு அம்மா, "படத்தில் மங்கலா செங்கல் நிறமா இருந்தது, கையில் வந்தது இவ்வளவு அடர்த்தியா இருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஐபோனில்தான் எடுக்கிறேன், போனில் பார்த்தால் நிறம் அச்சு அசலாக இருக்கிறது. ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டுச் சின்னதாக்கி ஏற்றினேன், அதிலிருந்துதான் இப்படி. இரண்டாவது பிரச்சினை, கறுப்பு மேல் சிவப்புக் கோடு போட்ட சின்னக் கட்டமெல்லாம் கசிந்து போனது மாதிரி தெரிகிறது. நெசவு செய்தவர் பார்த்தால் அழுதுவிடுவார். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, அதைப் படத்தில் இப்படிக் காட்டுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பள்ளத்தூர் கேமரா:

ஆச்சி, முதல் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். ஐபோன் எடுக்கிற படம் டிஸ்ப்ளே பி3 என்ற, வழக்கத்தைவிட அதிக நிறங்களைக் காட்டுகிற நிறவெளியில் இருக்கும். இந்த எண்ணுக்கு இந்தச் சிவப்பு என்று சொல்கிற குறிப்பு, அதாவது கலர் புரொஃபைல், படத்துக்குள்ளேயே இருக்கும். அளவைக் குறைக்கும் மென்பொருள் சில கேபி மிச்சம் பிடிக்க அந்தக் குறிப்பைத் தூக்கி எறிந்திருக்கும். குறிப்பு இல்லாத படத்தை பிரவுசர் சாதாரண எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும். எண் அதே எண், ஆனால் காட்டும் சிவப்பு வேறு, கொஞ்சம் செத்த சிவப்பு. அரக்கு, கருஞ்சிவப்பு, கடுகு மஞ்சள் இதெல்லாம்தான் அதிகம் அடிபடும், உங்கள் சேலையில் இருப்பதும் அதே நிறங்கள்தான்.

செய்ய வேண்டியது: முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், அதற்குப் பிறகு குறிப்பை நீக்குங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மாற்றும்போது மிக மிகப் பளீரென்ற சிவப்பு கொஞ்சம் அடங்கும், ஆனால் செங்கல் நிறம் ஆகாது.

இன்னொரு விஷயம், டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்காதீர்கள். காலை பத்து மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில் விரித்து எடுங்கள். படத்தில் ஒரு ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால் நிறத்தைச் சரிபார்க்க உதவும், அப்புறம் வெட்டிவிடலாம்.

தேவகோட்டை வெப்:

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இரண்டாவது பிரச்சினைக்கு நான் வருகிறேன், இது எனக்கும் ரொம்ப நாள் புரியாமல் இருந்த ஒன்று.

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. ஜேபெக் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று வைக்கும். குரோமா சப்சாம்ப்ளிங் என்பார்கள், 4:2:0 என்றும் எழுதுவார்கள். கோயில் கோபுரம், மனிதர் முகம், வயல்வெளி, எதிலும் இது தெரியவே தெரியாது. ஆனால் கறுப்பு மேல் ஒரு நூல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு என்றால்? கறுப்பும் சிவப்பும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, வித்தியாசம் முழுக்க நிறத்தில். நான்கு புள்ளிக்கு ஒரே நிறம் என்றதும் சிவப்பு பக்கத்துக் கறுப்பில் கசிகிறது. கண்டாங்கிக் கட்டத்துக்கு நேர் எதிரி இது.

இங்கேதான் வெப்பி நம்மைக் கைவிடும். 2010ல் கூகுள் வெளியிட்டது, ஜேபெக்கைவிடக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சின்னதாகும் என்கிறார்கள், சாதாரணப் படங்களில் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இழப்புள்ள வெப்பி, அதாவது சின்னதாக்க நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிடுகிற வகை, எப்போதும் 4:2:0 மட்டும்தான், வேறு வழி கிடையாது. ஷார்ப் ஒய்யூவி என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் கசிவு நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது. ஜேபெக்கிலும் ஏவிஐஎஃப்பிலும் 4:4:4 வைக்கலாம், அதாவது நிறத்தையும் புள்ளிக்குப் புள்ளி வைப்பது. ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும். முந்தி, கரை, கட்டம் கிட்டத்தில் தெரிகிற படங்களுக்கு ஏவிஐஎஃப் 4:4:4 வையுங்கள் ஆச்சி. மாடல் உடுத்தி நிற்கிற முழுப் படத்துக்குச் சாதாரண வெப்பி போதும்.

எல்லா போனிலும் ஏவிஐஎஃப் திறக்குமா என்று கேட்பீர்கள். க்ரோமில் 2020லும் ஃபயர்ஃபாக்ஸில் 2021லும் சஃபாரியில் 2022லும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய போன் வைத்திருப்பவருக்காக பிக்சர் டேகுக்குள் ஏவிஐஎஃப் மேலே, ஜேபெக் கீழே என்று எழுதிவிட்டால் முடிந்தது, தெரிந்ததை பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

கண்டாங்கிக் கடை:

தம்பி, நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இதையெல்லாம் எங்கே செய்வது?

தேவகோட்டை வெப்:

ஸ்குவூஷ் என்று ஒரு வெப்சைட் இருக்கிறது ஆச்சி, க்ரோம் டீம் செய்தது, காசு கிடையாது. படம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே மாறும், எந்த சர்வருக்கும் போவதில்லை. நடுவில் ஒரு கோடு இருக்கும், இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது, கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். கட்டத்தின் மேல் கோட்டை நிறுத்தி, கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிற வரை குவாலிட்டியை இறக்குங்கள், தெரிந்ததும் இரண்டு படி ஏற்றிவிடுங்கள். ஜேபெக்கில் 75 என்பதும் ஏவிஐஎஃப்பில் 75 என்பதும் ஒன்றல்ல, ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல். எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பாருங்கள்.

நெசவாளர்கள் படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது ஒருமுறை சுருக்கித்தான் அனுப்பும், அதை நீங்கள் மறுபடி சுருக்கினால் மாவு இரண்டு தரம் சலித்த மாதிரி ஆகாது, இரண்டு தரம் புளித்த மாதிரிதான் ஆகும். அப்புறம், போனில் எடுத்த படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற ஜிபிஎஸ் குறிப்பும் இருக்கலாம். நெசவாளர் வீட்டு முகவரியை ஊருக்கே கொடுத்த மாதிரி ஆகிவிடும், வெளியிடும் பிரதியில் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

பள்ளத்தூர் கேமரா:

எடுக்கும்போது படம் எடுத்தவர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள் தம்பி. மொத்தமாக வழிக்காமல் இடக்குறிப்பை மட்டும் எடுக்கும் வசதி நிறைய மென்பொருளில் இருக்கிறது.

வளவு வீடு:

நல்ல இழை, என் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் தாத்தா கட்டிய வீட்டில் விருந்தினர்கள் தங்க நான்கு அறை விடுகிறோம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த சைட். மேலே ஐந்து படம் மாறி மாறி ஓடுகிற ஸ்லைடர், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, மொட்டை மாடி. படமெல்லாம் ஏற்கெனவே 200 கேபிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன். சோம்பேறி லோடிங், அதாவது திரைக்குப் பக்கத்தில் வந்த பிறகே படத்தை இறக்குகிற லேசி லோடிங், வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு ஒரு பிளகின் போட்டு எல்லாப் படத்துக்கும் அதை வைத்தேன். ஆனாலும் கூகுளின் பேஜ்ஸ்பீட் வேகச் சோதனையில் எல்சிபி 6 நொடி என்று சிவப்பில் காட்டுகிறது. அது போதாது என்று, ஒருவர் ரூம் புக் செய்கிற பட்டனைத் தொடப்போன நேரத்தில் பக்கம் கீழே குதித்து வேறு எதையோ தொட்டுவிட்டாராம்.

தேவகோட்டை வெப்:

அண்ணே, நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொம்பில் தண்ணீர் வர வேண்டும். இரண்டாம் கட்டில் இலை போடுவதெல்லாம் அவர் உள்ளே வரும்போது பார்த்துக்கொள்ளலாம். லேசி லோடிங் என்பது அந்த இலை போடுகிற வேலைக்கு. நீங்கள் தண்ணீர்ச் சொம்பையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டீர்கள்.

எல்சிபி என்பது திரையில் தெரிகிற ஆகப் பெரிய பொருள் வந்து சேர எடுக்கும் நேரம். உங்கள் பக்கத்தில் அது ஸ்லைடரின் முதல் படம். 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்று கூகுள் வைத்திருக்கிறது. லேசி என்று எழுதிய படத்தை பிரவுசர் உடனே கேட்காது, பக்கத்தின் அமைப்பு முழுக்கத் தெரிந்து, இது திரைக்குள் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கேட்கும். பிளகின் ஜாவாஸ்கிரிப்டில் செய்தால் இன்னும் தாமதம், அந்த ஸ்கிரிப்ட் இறங்கி ஓடிய பிறகுதான் படத்தின் முகவரியே வெளியில் வரும். ஆகவே முதல் படத்துக்கு லேசியை எடுத்துவிட்டு, ஃபெட்ச் பிரையாரிட்டி ஹை என்று எழுதுங்கள். திரைக்குக் கீழே இருக்கிற மற்ற படங்களுக்கு லேசி இருக்கட்டும்.

முதல் படம், பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்ஸில் பின்னணிப் படமாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஸ்லைடர்கள் அப்படித்தான் செய்கின்றன. பிரவுசர் ஹெச்டிஎம்எல்லை மேலோட்டமாகப் படித்து இமேஜ் டேகில் இருக்கும் படங்களை முன்கூட்டியே கேட்டுவிடும், சிஎஸ்எஸ்ஸுக்குள் ஒளிந்திருப்பது அதன் கண்ணில் படாது.

பக்கம் குதிப்பதற்குக் காரணம் வேறு. இமேஜ் டேகில் விட்த், ஹைட் இரண்டும் எழுதாமல் விட்டிருப்பீர்கள். படம் வந்து சேருகிற வரை அதற்கு எவ்வளவு உயரம் என்று பிரவுசருக்குத் தெரியாது, வந்ததும் கீழே இருப்பதையெல்லாம் தள்ளும். இரண்டு எண்ணையும் எழுதிவிட்டால் அந்த விகிதத்துக்கு இடம் ஒதுக்கிவிடும், சிஎஸ்எஸ்ஸில் உயரத்தை ஆட்டோ என்று வைத்துக்கொண்டால் போனிலும் சரியாகப் பொருந்தும்.

கடைசியாக, கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ஸ்லைடரையே எடுத்துவிடுங்கள். வளவில் மழைத்தண்ணீர் விழுகிற அந்த ஒரு படம் போதும், உங்கள் வீட்டுக்கு யாராக இருந்தாலும் வந்துவிடுவார்கள்.

வளவு வீடு:

ஸ்லைடரை எடுக்க மனசு வரவில்லை, அடுப்படிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் சாப்பாடு பற்றிக் கேட்கிறார்கள். ஐந்தையும் கீழே வரிசையாக அடுக்கிவிடுகிறேன். பிளகினை நிறுத்திவிட்டேன். வேர்ட்பிரஸ் தானாகவே அளவுகள் செய்யும் என்கிறார்களே, அது உண்மையா?

தேவகோட்டை வெப்:

உண்மைதான் அண்ணே. 2015லிருந்தே எஸ்ஆர்சிசெட் தானாக எழுதுகிறது, 2020லிருந்து லேசியும் தானாக வருகிறது, அதனால் அந்த பிளகின் தேவையே இல்லை. 2560க்கு மேல் அகலமோ உயரமோ இருக்கிற படத்தை ஏற்றினால் அதுவே குறைத்துக்கொள்ளும். வெப்பி 5.8 பதிப்பிலும் ஏவிஐஎஃப் 6.5 பதிப்பிலும் வந்துவிட்டன. ஆனால் பழைய தீம்களில், அதாவது சைட்டின் தோற்றத்துக்கான வார்ப்புகளில், படத்தை நேரடியாக எழுதியிருப்பார்கள், அங்கே இந்த வசதி எதுவும் எட்டாது. எஃப்12ல் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஈப்போ வாசகர்:

நான் மலேசியாவில் இருக்கிறேன், பூர்வீகம் கோட்டையூர். வெளிநாட்டிலிருந்து இந்தப் பக்கங்களைப் பார்க்கிற எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். கல்லும் சேலையும் வாங்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறோம். சிடிஎன் போட்டால் படத்தின் பிரதி எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சர்வரிலிருந்து வரும். படத்தை பிரவுசர் எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம் என்று சொல்கிற கேஷ் கன்ட்ரோலையும் ஒரு வருடத்துக்கு வையுங்கள், இரண்டாம் தரம் வரும்போது படம் மறுபடி இறங்காது. படத்தை மாற்றினால் ஃபைல் பெயரையும் மாற்ற வேண்டும், அதை மறந்தால் எங்கள் போனில் பழைய படமே நின்றுகொண்டிருக்கும்.

கல்லுப்பட்டறை:

இரண்டு நாளாக இதே வேலைதான் தம்பி. நீங்கள் சொன்னபடி நான்கு அளவு செய்தேன். ஜேபெக்கில் 60 வைத்தபோது நீலமும் மஞ்சளும் சேருகிற விளிம்பில் ஈ மொய்த்த மாதிரி பொடிப்பொடியாக வந்தது. 80 ஆக்கியதும் போய்விட்டது. கண்ணாடியிலிருந்து பிரித்த கல்லின் மேல் ஒரு பளபளப்பு இருக்குமே, அது எந்த எண்ணிலும் கெடவில்லை, நான் பயந்தது அதற்குத்தான்.

ஒரு சந்தேகம். நிறக்கலவை ஊற்றுகிறதை எட்டு நொடி ஜிஃப்பாகப் போட்டிருக்கிறோம், வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது மட்டும் 14 எம்பி.

தேவகோட்டை வெப்:

ஜிஃப்பில் ஒரு சட்டகத்துக்கு 256 நிறம்தான், அதுவும் அசைகிற படத்தை வீடியோ மாதிரிச் சுருக்க அதற்குத் தெரியாது. எம்பி4 ஆக்கி, வீடியோ டேகில் ஆட்டோப்ளே, மியூட்டட், லூப், ப்ளேஸ்இன்லைன் நான்கும் எழுதுங்கள். சத்தமில்லாமல் ஜிஃப் மாதிரியே ஓடும். பல மடங்கு குறையும்.

கல்லுப்பட்டறை:

செய்தாயிற்று. 14 எம்பி 700 கேபி ஆகிவிட்டது, கையில் கலவை சுற்றி விழுவது முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. பக்கம் திறக்கும்போது இப்போது 480 கேபி படம்தான் இறங்குகிறது, கீழே கடைசிவரை போனாலும் அந்த வீடியோவைச் சேர்த்து இரண்டரை எம்பியைத் தாண்டவில்லை. 71லிருந்து!

நேற்று ராத்திரி எங்கள் பட்டறையில் முப்பது வருடமாக ஊற்றுகிற பெரியவரிடம் அவர் போனிலேயே திறந்து காட்டினேன். சிக்னல் இரண்டு கோடுதான், சட்டென்று வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "இந்தப் பூ படுத்துக் கிடக்கே, காம்பு கீழே வரணும்ல" என்றார். நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ வருகிற டிசைன் அது. கல் சதுரம் என்பதால் திரும்பி இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பழைய படத்தில் சரியாகத்தான் இருந்தது. 18ல் இப்படி ஐந்து படம் திரும்பியிருக்கிறது. எதனால் தம்பி?

தேவகோட்டை வெப்:

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணே, நான் உங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் கேமரா பெரும்பாலும் படத்தைப் படுக்கை வாட்டிலேயே சேமித்துவிட்டு, காட்டும்போது திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கும். ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து எல்லாக் குறிப்பையும் வழித்தபோது அதுவும் போய்விட்டது. நிறத்துக்குப் பள்ளத்தூர் அண்ணன் சொன்ன அதே வரிசைதான் இதற்கும், முதலில் படத்தை நிஜமாகவே திருப்பிவிட வேண்டும், ஆட்டோ ஓரியன்ட் என்று இருக்கும், குறிப்பை அதற்குப் பிறகுதான் நீக்க வேண்டும். அந்த ஐந்தையும் மூலத்திலிருந்து மறுபடி செய்யுங்கள், சுருக்கியதையே திருப்பி மறுபடி சேமிக்காதீர்கள், தரம் இன்னொரு தரம் குறையும். ஃபைல் பெயரையும் மாற்றிவிடுங்கள், ஈப்போக்காரர் சொன்னது நினைவிருக்கட்டும்.

கல்லுப்பட்டறை:

மாற்றிவிட்டேன். காலையில் பெரியவர் கலவை கரைத்துக்கொண்டிருந்தார், கை முழுக்கச் சிவப்பு, அதனால் நானே போனைப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் காட்டினேன். நான்கைப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்தாவது திரும்பவே இல்லையாம், அது கல்லே அப்படித்தானாம், அவர் ஊற்றியதுதான், ஓரக் கல். மறுபடி பழையபடி வைத்துவிட்டேன்.